தாய்லாந்து பாஷை படிக்க எந்தப் புத்தகம், எந்த வகுப்பு?

(பாங்காக்கில் 24 ஆண்டுகள் குடும்பத்துடன் வாழ்ந்து ஊர் திரும்பியிருக்கும் சகோதரி ஒருவர், வெளிநாடு செல்லவிருக்கும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். போன மாதம் ஒரு லாத்தா வீட்டுக்கு வந்து, "மகள் பெருநாள் கழிந்து மாப்பிள்ளையோட பாங்காக் போறா, என்ன புஸ்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்டார்கள். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதை எல்லோருக்குமாக ஒரு தடவை சொல்லுங்கள் என்று அறக்கட்டளைப் பெரியவர்கள் சொன்னதால் வந்து நிற்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். "தாய் மொழி படிக்கணும்" என்று சொன்னால், தமிழ் தெரியாதா என்று கேட்பார்கள். அதனால் நான் தாய்லாந்து பாஷை என்றே சொல்கிறேன். அவர்களும் அதை "பாஸா தாய்" என்றுதான் சொல்கிறார்கள். பாஸாவும் நம் பாஷையும் ஒரே சொல்தான். இப்படிப்பட்ட உறவு அந்த பாஷையில் இன்னும் நிறைய உண்டு, பிறகு சொல்கிறேன்.

காயல்பட்டினம், கீழக்கரை ஆட்கள் கல் வியாபாரத்துக்காக அங்கே போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. பாங்காக்கில் சீலோம், மஹேசாக் வீதி என்றால் நம் ஆண்களுக்குச் சொந்த ஊர்த் தெரு மாதிரி. சனி, ஞாயிறில் சந்தபுரி கல் சந்தைக்குப் போய் வருவார்கள். அவர்கள் எல்லோருக்கும் தாய்லாந்து பாஷை பேச வரும். விலை கேட்பார்கள், குறைப்பார்கள், சிரிக்க வைப்பார்கள். ஆனால் அதில் எத்தனை பேருக்கு ஒரு வரி வாசிக்க வரும்? என் வீட்டில் அவர்களுக்கு வராது. கூட வந்த எனக்குப் பேசவும் வராது, வாசிக்கவும் வராது. அப்படியே ஐந்து வருஷம் ஓடியது.

1993-இல் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு அப்போது இரண்டரை வயது. சின்னம்மை போட்டு, காய்ச்சலும் இருந்தது. அவர்கள் சந்தபுரி போயிருந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்து முனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிள்ளையைப் பார்த்தார், இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்று காய்ச்சலுக்குக் குடிக்கிற மருந்து. இன்னொன்று அரிப்புக்கு மேலே தடவுகிற கேலமைன். இரண்டும் ரோஸ் நிறம். கேலமைனைத் தொட்டுக் காட்டி "யா தா, யா தா" என்று இரண்டு தடவை சொன்னார். யா என்றால் மருந்து, அது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து கொண்டுபோன குட்டிப் புத்தகத்தில் "தா = கண்" என்று போட்டிருந்தது. கண்ணில் படக்கூடாது என்கிறார் போல என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எது எந்த பாட்டில் என்று குழம்பிவிட்டது. ஒன்றைத் திறந்து கரண்டியில் ஊற்றிவிட்டேன். பிள்ளை வாயருகே கொண்டுபோகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உம்மா, ஹாம்!" என்றாள். ஹாம் என்றால் "கூடாது". அவள் பள்ளிக்கூடச் சுவரில், படிக்கட்டில், குளத்தருகே எல்லாம் எழுதியிருக்கிற சொல் அது. அதற்குப் பிறகு வருகிற நீளமான சொல்லை அவளால் வாசிக்க முடியவில்லை. அது "உட்கொள்ள" என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளை, முதல் வகுப்பு. அல்லாஹ் காப்பாற்றினான். நான் கரண்டியைக் கழுவிவிட்டு சமையலறையில் நின்று அழுதேன்.

கடைக்காரர் மேல் தப்பே இல்லை. வாயாலும் சொன்னார், பாட்டிலிலும் எழுதியிருந்தது. தப்பு அந்தக் குட்டிப் புத்தகத்திலும், அதை நம்பிய என்னிடமும்தான். தாய்லாந்து பாஷையில் இரண்டு "தா" இருக்கிறது. ஒன்று நம் தமிழ்த் தா மாதிரியே இருக்கும், அது கண். இன்னொன்று மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது, "த்ஹா" மாதிரி. அதற்கு "தடவு" என்று அர்த்தம். அவர்கள் எழுத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் தா. அந்தப் புத்தகம் போட்டவருக்கு வேறு வழி இருந்திருக்காது, நம் எழுத்தில் அந்த வித்தியாசமே கிடையாதே.

ஆகையால் நான் சொல்ல வந்த முதல் விஷயம்: தமிழ் எழுத்திலோ இங்கிலீஷ் எழுத்திலோ மட்டும் போட்ட புத்தகத்தை வாங்காதீர்கள். அட்டையில் எத்தனை நாளில் என்று போட்டிருந்தாலும் சரி. அமெரிக்க அரசாங்கம் தன் வெளியுறவு அதிகாரிகளுக்குப் பாஷை கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. அவர்கள் கணக்கில் தாய்லாந்து பாஷை நன்றாக வருவதற்கு 44 வாரம், 1,100 மணி நேரம் வகுப்பு வேண்டும். படித்த அதிகாரிகளுக்கே அவ்வளவு. முப்பது நாளில் முடிகிற காரியமா இது?

இங்கிலீஷ் எழுத்தில் என்ன குறை என்று கேட்பீர்கள். இந்த பாஷையில் ஐந்து ராகம் இருக்கிறது. சமமாக, தாழ்த்தி, இறக்கி, உயர்த்தி, கீழிருந்து ஏற்றி என்று ஒரே ஒலியை ஐந்து விதமாகச் சொல்லலாம், ஐந்துக்கும் அர்த்தம் வேறு. "மா" என்று சமமாகச் சொன்னால் "வா". உயர்த்திச் சொன்னால் குதிரை. ஏற்றிச் சொன்னால் நாய். விருந்தாளியை வா என்று அழைக்கப் போய் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "க்லாய்" என்று சமமாகச் சொன்னால் தூரம், இறக்கிச் சொன்னால் பக்கம். நான் ஒரு தடவை ஆட்டோ மாதிரி ஓடுகிற துக் துக்கில் ஏறி, பக்கம்தான் என்று நினைத்துச் சொல்லி, தூரம் என்று அவர் புரிந்துகொண்டு, காசு கூடக் கேட்டார். சண்டை போடவும் பாஷை தெரியாதே! இறங்கும்போது கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கிலீஷ் எழுத்தில் இந்த மூன்று மாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில புத்தகங்களில் மேலே கோடு, கொம்பு போட்டுக் காட்டுவார்கள். நல்லதுதான், ஆனால் தெருவிலே, பாட்டிலிலே, பள்ளிக்கூடச் சீட்டிலே அந்தக் கோடு இருக்காது. தாய்லாந்து எழுத்தில் மூன்றுக்கும் எழுத்துக்கூட்டலே வேறு. குதிரைக்கு மேலே ஒரு குறி. நாய்க்கு முன்னால் உச்சரிக்காத ஒரு ஹ. "வா"வுக்கு ஒன்றுமில்லை. அதாவது ராகம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுத்து தெரிந்துவிட்டால், கேட்காத சொல்லையும் சரியான ராகத்தில் வாசித்துவிடலாம். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற புத்தகமும் வாத்தியாரும் நமக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எழுத்து எத்தனை என்று பயப்பட வேண்டாம். மெய்யெழுத்து 44. அதில் இரண்டு இப்போது வழக்கிலேயே இல்லை. அவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: நடு 9, உயர் 11, தாழ் 24. எந்த எழுத்து எந்த வகுப்பு என்று பார்த்துத்தான் ராகத்தைத் தீர்மானிக்க வேண்டும், அதுதான் கஷ்டமான இடம். மற்றபடி இங்கிலீஷ்காரர்களைவிட நமக்கு எளிது. நாம் "கெ", "கை" எழுதும்போது உயிர்க்குறியை முன்னால் போடுகிறோம் அல்லவா, அவர்களும் சில உயிர்களை அப்படித்தான் போடுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கே மூன்று வாரம் திணறுவார்கள். நமக்குக் குறில், நெடில் தெரியும், அங்கேயும் அது உண்டு. "அது", "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, ஏறக்குறைய அதே ஒலி அங்கே தனி உயிரெழுத்து. மூச்சுத் தள்ளாத க, த, ப நம் வாயில் தானாகவே இருக்கிறது. மூச்சுத் தள்ளுவதை மட்டும் பழக வேண்டும், அரபு ஓதப் பழகிய நாக்குக்கு அது பெரிய விஷயமில்லை. ஒன்று மட்டும் சிரமம்: சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடமாட்டார்கள், வரி முழுக்கச் சேர்த்தே எழுதுவார்கள்.

அந்த எழுத்துக்கு மூலம் நம் பக்கத்துப் பல்லவர் காலத்து எழுத்து. அது கம்போடியா போய் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து வந்தது. இதைத் தெரிந்தால் பரீட்சையில் மார்க் வராது. ஆனாலும் எனக்கு அது அந்நியமாகத் தோன்றாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

கல் வியாபாரக் குடும்பங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மரகதம் அங்கே "மொரகோட்". புஷ்பராகம் "புட்ஸராகம்". வைடூரியம் "பைதூன்". கோமேதகம் "கோமேன்". மாணிக்கத்துக்கு மட்டும் "தப்திம்" என்கிறார்கள், மாதுளைக்கும் அதே பெயர். பழத்தைப் பிளந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். எண்ணிலும் நமக்கு வசதி. பத்தாயிரத்துக்கு ஒரு சொல், லட்சத்துக்கு "ஸேன்" என்று தனிச் சொல். நூறு ஆயிரம் என்று சுற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எந்தப் புத்தகம்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் படித்தது மகளின் முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தை. மானீ, மானா என்று அண்ணன் தங்கை கதை. 1978-இலிருந்து 1994 வரை தாய்லாந்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். முதலில் சின்னச் சொற்கள், பெரிய எழுத்து, படம், பிறகு மெல்ல மெல்லக் கதை வளரும். பிதீ என்ற பையனின் குதிரை செத்துப்போகிற பாடம் வந்தபோது நானும் மகளும் சேர்ந்து அழுதோம். அந்த பாஷையில் வாசித்து அழும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பள்ளிகளில் அது நின்றுவிட்டாலும், பழைய பதிப்பை ஆசையாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டவர் பலர் இன்றும் அதை வைத்துத்தான் வாசிக்கப் பழகுகிறார்கள். எழுத்து தெரிந்ததும் இரண்டாவது புத்தகமாக இதை எடுங்கள்.

முதல் புத்தகத்துக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். பென்ஜவன் பூம்சான் பெக்கர் எழுதிய "தாய் ஃபார் பிகினர்ஸ்" ஒன்று. உரையாடலும் எழுத்தும் ஒரே புத்தகத்தில் கூடவே வரும், ஒலிப்பதிவும் உண்டு. என் மருமகளுக்கு இதைத்தான் கொடுத்தேன். மற்றொன்று டேவிட் ஸ்மித்தின் "டீச் யுவர்செல்ஃப்" வரிசைப் புத்தகம். அவரே எழுதிய இலக்கணப் புத்தகமும் நல்லது, ஆனால் அதைத் தொடக்கத்திலேயே வாங்கினால் அலமாரியில்தான் இருக்கும். ஏயுஏ நிறுவனத்தின் பழைய பாடப்புத்தகங்கள் பேச்சுப் பயிற்சிக்குக் கெட்டிக்காரப் புத்தகங்கள்தான். ஆனால் அதில் பேச்சு தனி, எழுத்து தனிப் புத்தகம். எழுத்துப் புத்தகத்தை வாங்காமலே நின்றுவிடுகிற ஆபத்து நமக்கு இருக்கிறது. எதை வாங்கினாலும் ஒலிப்பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். ஐந்து ராகத்தைக் காகிதத்தில் கேட்க முடியாது.

இங்கிலீஷ் வராதவர்கள் என்ன செய்வது? என் மாமி ஐம்பது வயதுக்கு மேல், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாமல், தாய்லாந்துப் பிள்ளைகளின் எழுத்து அட்டையை வைத்தே படித்தார்கள். நாம் "அ, அம்மா" என்பதுபோல அங்கே "கோ காய்" என்றால் கோழி, "க்ஹோ க்ஹாய்" என்றால் முட்டை என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து. இரண்டு மாதத்தில் மாமி கடைப் பலகையை எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து வகுப்பு. நம் ஊரில் இதற்கு வகுப்பு இல்லை. அதனால் போவதற்கு முன் எழுத்தை முடித்துவிட்டுப் போங்கள், அங்கே போய் வகுப்பில் சேருங்கள். பாங்காக்கில் சூலலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் தீவிர வகுப்பு உண்டு. அது முழுநேரம் படிக்கிற பிள்ளைகளுக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவர்களால் முடியாது. ஏயுஏவில் மார்வின் பிரவுன் என்ற அமெரிக்கர் ஒரு முறை கொண்டுவந்தார். மாணவர் பேசக்கூடாது, புத்தகமும் கிடையாது, ஆசிரியர்கள் பேசுவதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை அப்படித்தானே பாஷை கற்கிறது என்பது அவர் வாதம். இத்தனைக்கும் நான் முன்னே சொன்ன ஏயுஏ பாடப்புத்தகங்களை எழுதியவரும் அவர்தான்! அப்படிப் படித்தவர்களின் உச்சரிப்பு அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளை காலையில் மருந்துக் கடைக்குப் போக வேண்டிய உம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கட்டுப்படியாகாது.

தனியார் வகுப்புகள் நிறைய. பணம் கட்டுமுன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடாவிட்டால் வேறு இடம் பாருங்கள். உள்ளே உட்கார்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: மாணவர் ராகத்தைத் தப்பாகச் சொல்லும்போது ஆசிரியர் நிறுத்தித் திருத்துகிறாரா, அல்லது சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாரா? தாய்லாந்துக்காரர்கள் மரியாதை மிக்கவர்கள், முகம் வாடுமே என்று விட்டுவிடுவார்கள். மரியாதை நல்லதுதான், ஆசிரியரிடம் அந்த மரியாதை நமக்கு வேண்டாம். எழுத்தை முதல் மாதத்திலேயே தொடங்குவார்களா என்றும் கேளுங்கள். பெண் ஆசிரியை வேண்டும், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், நோன்பு மாதத்தில் காலை நேரம் வேண்டும் என்றால் சேரும்போதே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

விசாவுக்காக வகுப்பில் சேர்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. வாப்பாமார் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய ஒரு பையன் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு வருஷப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினான். வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேர், பாதி நாள் ஆசிரியரே வரமாட்டார். விசா நீட்டிக்கப் போனபோது அதிகாரி தாய்லாந்து பாஷையில் ஏதோ கேட்டிருக்கிறார். இவன் விழித்தான். ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பணமும் போனது, அவன் வாப்பா அதற்கு விற்றது உம்மாவின் வளையல். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், படிப்பு விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கடையில் உட்கார வைத்துவிட்டுப் படிப்பு விசா என்று சொல்வது பிள்ளையை ஆபத்தில் வைப்பது.

வீட்டிலேயே அவர்களிடம் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்கிற தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த பாஷையில் மரியாதைக்கு வாக்கியக் கடைசியில் ஆண்கள் "க்ஹ்ரப்" என்பார்கள், பெண்கள் "க்ஹா" என்பார்கள். "நான்" என்பதற்கும் ஆண்களுக்கு "போம்" என்று தனிச் சொல். நான் ஆரம்பத்தில் அவர்களிடம் கேட்டுக் கற்றதால், காய்கறிக் கடையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆண்பிள்ளை மாதிரிப் பேசியிருக்கிறேன். கடைக்காரி அம்மா சிரித்துச் சிரித்து ஒரு கட்டு கொத்தமல்லி சும்மா கொடுத்தார். அதே மாதிரி, கடையில் வேலை பார்க்கும் பெண்களிடம் கற்ற நம் பையன்கள் "க்ஹா" போட்டுப் பேசுவார்கள்.

போன் இருக்கிறதே, காட்டினால் மொழிபெயர்க்குமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். வைத்துக்கொள்ளுங்கள், நானும் பயன்படுத்துகிறேன். மருந்துக் கடைக்காரர் பேனாவால் கிறுக்கித் தருவதை அது பல நேரம் தப்பாகச் சொல்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் குழுவின் ஹலால் முத்திரை இருந்தால் கவலையில்லை. முத்திரை இல்லாத பொருளில் "மூ" என்ற எழுத்தைத் தேட வேண்டும், பன்றிக்கு அதுதான் சொல். முன்னால் உச்சரிக்காத ஹ, பிறகு ம, அடியில் ஒரு கொக்கி. "நாம் மன் மூ" என்றால் பன்றிக் கொழுப்பு எண்ணெய். இந்த மூன்று வடிவத்தை மட்டும் தெரிந்துகொண்டால்கூடக் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் போனை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. "கோன் ஆஹான்" சாப்பாட்டுக்கு முன், "லங் ஆஹான்" சாப்பாட்டுக்குப் பின். மருந்துச் சீட்டில் இந்த இரண்டும் இருக்கும். "ஹாம்" எங்கேயும் இருக்கும்.

என்னிடமிருந்த புத்தகங்களை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பெக்கர் புத்தகம் ஒன்று, எழுத்து அட்டை இரண்டு, மகள் படித்த மானீ புத்தகம் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். மானீ புத்தக ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருப்பது என் கையெழுத்து, சில இடத்தில் தப்பாகவும் இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால் எடுத்துப் போங்கள், முடித்ததும் அடுத்தவருக்காகத் திருப்பி வையுங்கள். வாரம் இரண்டு நாள், அஸருக்குப் பிறகு, என் வீட்டுத் திண்ணையில் எழுத்து சொல்லித் தர நான் தயார். பிள்ளைகளோடு உம்மாமாரும் வாருங்கள்.